வயல்மண் ஒரு சாண் உயர்ந்தால் போதும்

வட்டக்கோட்டை மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மருந்துவாழ்மலை. கோட்டைக்குக் கீழே கரையெல்லாம் கருமணல். அங்கிருந்து கொட்டாரம் பக்கமாக நாலைந்து கிலோமீட்டர் உள்ளே வந்தால் என் வீடு. இங்கே மணலே கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த வயலில் மனை போட்டுக் கட்டிய வீடு இது. பின்பக்கம் ஒரு சென்ட் மட்டும் பழைய வயல்மண்ணாகவே கிடந்தது; சுத்தக் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும். இதில் காய் வராது என்று நானே முடிவுகட்டி, மொட்டைமாடியில் பன்னிரண்டு பைகளை வாங்கி வைத்தேன்.

முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுதான் ஆடியில் எங்கள் மாடியிலும் அடிக்கிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும், வெண்டை இலை சுருண்டு தொங்கும். பைக்குள் இருந்ததோ மட்காத தென்னை நார்க்கழிவு. தேங்காய்க் கதம்பைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் மலிவாகக் கிடைத்தது. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிச்சத்து இருக்கும். அது மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகிவிடும். சிப்பிக்காளான் வித்து இட்டு மட்கவைத்தால் அந்தக் கரிச்சத்து 24 பங்காகக் குறையும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. இரண்டு கோடை வெயிலில் பைகளும் நார்நாராகக் கிழிந்தன.

பிறகுதான் மண்ணுக்கு இறங்கினேன். இரு பக்கமிருந்தும் கை எட்டும் அகலத்தில் பாத்தி. சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே எடுத்துப் போட்டு ஒரு சாண் உயர்த்தினேன். வயலில் வாழை வைப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. பூவரசுத் தழை, வாழைச்சருகு, மட்கிய சாணி என்று அடுக்கினேன். மண் ஈரமாக இருக்கும்போது கொத்துவதில்லை, பாத்திமேல் காலும் வைப்பதில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மூலையில் மட்டும் இரண்டு கூடை மணல் கலந்தேன். அந்த மூலை காய்ந்ததும் சாந்து பூசியதுபோல் இறுகிவிட்டது. களிமண்ணை இளக்குவது மட்கிய தழைதான்.

முதல் வருஷம் சேம்பும் வழுதலங்காயும் மட்டும் வந்தன. அடுத்த வருஷம் பயறு பந்தலேறியது. மூன்றாம் வருஷம் எங்கே கிளறினாலும் மண்புழு. கோடையில்கூட மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதும். களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. அத்தனை நுண்துகள்களும் நீரையும் சத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுக்கின்றன.

மாடித்தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை அரசு மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். அடுக்குமாடியில் இருப்பவருக்கு வேறு வழி ஏது? ஆனால் காலடியில் வயல்மண் இருக்கிற எங்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கும் பையும் நார்க்கழிவும்தான் தோட்டம் என்று ஆகிவிடக் கூடாது. அந்த மானியத்தில் ஒரு பங்கை மண் பரிசோதனைக்கும் தொழுவுரத்துக்கும், பாத்தி உயர்த்தக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒதுக்க வேண்டும். மனை போடுகிறவர்கள் வீடு நிற்கும் இடத்தை மட்டும் மேடாக்கட்டும். தோட்டத்துக்கு விடும் இடத்திலும் எங்கோ ஒரு குன்றை வெட்டிய செம்மண்ணைக் கொட்டி நல்ல மண்ணை மூடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று அடுத்த மனையில் செம்மண் லாரி வந்து நின்றது. பின்பக்கம் ஒரு சென்டையாவது விட்டுவைக்கும்படி அந்த வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன். கையோடு கொஞ்சம் வழுதலை நாற்றும் கொடுத்துவிட்டு வந்தேன்.