கன்று நட வாறவங்களுக்கு ஒரு வார்த்தை

ஜூன் 5 வந்தா போதும், திருநெல்வேலியைச் சுத்தியுள்ள கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பட்டணத்துல இருந்து வேன் வந்துரும். எல்லாருக்கும் ஒரே நிறத்துல சட்டை, கையில பேனர், குழி தோண்ட ஜேசிபி. பிள்ளைகளுக்குத் தோட்டம் போடுதாகளாம். மதியச் சாப்பாட்டுக்கு முந்தி நட்டு முடிச்சு, பிள்ளைகளை வரிசையா நிறுத்திப் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிருவாக. வந்த மனசை நான் குறை சொல்லல. செய்யுற வேலையைத்தான் சொல்லுதேன்.

1972ல ஸ்டாக்ஹோம்ல கூடுன மாநாட்டை வச்சுக் குறிச்ச தேதி அது. அந்த ஊருக்கு அது நல்ல பருவமா இருக்கலாம். இங்க ஜூன்ல பாபநாசம், குற்றாலம் பக்கம் சாரல் விழும். கீழே சமவெளியில எங்களுக்குக் கிடைக்கிறது காத்துதான். ஆனி, ஆடிக் காத்து குலை தள்ளுன வாழையையே சாய்க்கும். நேத்து வச்ச பப்பாளிக் கன்று எம்மாத்திரம்? எங்க மழை ஐப்பசி, கார்த்திகையில. மரம் வைக்கணும்னா புரட்டாசிக் கடைசியில வாங்க. கத்தரி, வெண்டை, கொத்தவரைன்னா ஆடியில விதை கொண்டாங்க, பிள்ளைக தட்டுல காய் விழும்.

அதைவிடப் பெரிய சங்கதி மே மாசம். பள்ளிக்கூடம் பூட்டிரும், வெயில் பூட்டாது. வேலியில ஒரு சந்து இருந்தா ஆடு தலையை விட்டுரும். "லீவுல தண்ணி யாரு அண்ணாச்சி ஊத்துவா?"ன்னு கேட்டா, "ஸ்கூல்ல பாத்துக்குவாங்க"ம்பாக. ஸ்கூல்னா யாரு? ஏற்கெனவே அடுப்படியில வேகுற சத்துணவு அம்மாவா? 2019லயே பள்ளிகள்ல சத்துக் காய்கறித் தோட்டம் போடணும்னு மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. காகிதத்துக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம்.

1956ல காமராஜர் ஆட்சியில மதிய உணவு விரிவடைஞ்சப்போ, ஊர்க்காரங்களும் அரிசி, காய்னு கொடுத்தாங்க. அப்புறம் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டு பெஞ்சு, கடிகாரம்னு ஊரே கொண்டுவந்து வச்சது. கொடுத்தவன் மறுநாளும் அந்தப் பள்ளி வாசல் வழியாத்தான் வயலுக்குப் போனான். பெஞ்சு உடைஞ்சா அவன் கண்ணுல படும். வேன்ல வாறவங்களுக்கு என்ன கண்ணுல படும்?

இன்னொண்ணு, கொஞ்சம் கசப்பானது. தோட்டம் தப்பிப் பிழைச்ச பள்ளிக்கூடத்துல, வாளி எந்தத் தெருப் பிள்ளை கையில இருக்குன்னு பாருங்க. பாத்திரம் கழுவுற தண்ணியை வாழைக்கு ஊத்துறது யாரு, நிழல்ல நின்னு "ஏல, அங்க ஊத்து"ங்கிறது யாருன்னு பாருங்க. சில இடத்துல தண்ணி ஊத்துறது தண்டனை, சில இடத்துல அது ஒரு தெருவோட 'வழக்கம்'. "மண்வெட்டி பிடிக்கவா எம் பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புதேன்?"னு ஒரு தாய் கேட்டா, சோம்பல்னு நினைச்சுராதீங்க. தலைமுறையா அடுத்தவன் வயல்ல மண்வெட்டி பிடிச்ச வீடு அது. அவ கேக்குறதுல நியாயம் இருக்கு.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பயலுவளே வீட்டுக்குள்ள புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினானுவ. நாடே பார்த்தது. நீதிபதி சந்துரு குழு 2024ல அறிக்கை கொடுத்தது, சாதி காட்டுற கையிறு கட்டக் கூடாதுன்னு. கையித்தை அறுத்தா மட்டும் ஆச்சா? அந்தக் கைக்குச் சேர்ந்து செய்ய என்ன வேலை கொடுத்தோம்? ஒரு பாத்தியில நாலு தெருப் பிள்ளையும் ஒண்ணா களை எடுத்து, அந்த வெண்டிக்காயை ஒரே சாம்பார்ல போட்டு ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா, அது தோட்டம். இல்லேன்னா அதுவும் ஒரு அலங்காரச் செடிதான்.

ஆனா பிள்ளைகளை ஏவுறதுக்கு முந்தி பெரியவங்க குனியணும். எல்லாத் தெருவுலயும் இருந்து ரெண்டு ரெண்டு பேர். சனிக்கிழமை ஒருமணி நேரம் போதும். உடைமுள் வேலி கட்டலாம். முருங்கைப் போத்தை எங்க வீட்டுக் கொல்லையிலயே வெட்டித் தாறேன், காசு வேண்டாம். கறிவேப்பிலையும் அகத்தியும் வேர் பிடிச்சிட்டா எங்க வெயிலுக்குத் தாங்கும். பட்டணத்துல இருந்து வாறவங்க மண்வெட்டியோட வாங்க, ஊர்க்காரங்களோட ஒரே வரிசையில நில்லுங்க, மறு மாசமும் வாங்க.

வாறதுக்கு முந்தி பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு போன் போடுங்க. சித்திரை, வைகாசி ரெண்டு மாசத்துக்கும் எந்தக் கிழமை யாரு தண்ணின்னு பேர் எழுதிப் பள்ளிச் சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. உங்க பேரும் அதுல ரெண்டு நாளைக்கு இருக்கட்டும். அந்தத் தாள் ஒட்டின பிறகு கன்று கொண்டாங்க.