ஒளிவாளும் ஓடவிளக்கும்

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உவர்நீர்க் காயல் என்ற கீர்த்தி பெற்றதும், டச்சுக்காரர் 1613-இல் கோட்டை எழுப்பி வாணிகம் நடத்திய சரித்திரப் பிரசித்தி உடையதுமான பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் அங்கு வந்திறங்கும் பூநாரைகளைப் பற்றியும் பழைய கல்லறைகளின் சிற்ப வேலையைப் பற்றியும் எழுதுகின்றனரேயன்றி, அக்காயலின் கரைகளிலும் திட்டுகளிலும் உள்ள குப்பங்களின் மக்கள் இருட்டில் எந்த வெளிச்சத்தைக் கொண்டு தொழில் செய்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதக் காணோம். இறால் இரவில் நடமாடும் ஜீவன். ஆதலால் அதைத் தேடிச் செல்பவனும் இரவில்தான் நடமாட வேண்டியிருக்கிறது. வலையை நீரில் இடவும், வந்ததைப் பிரித்தெடுக்கவும், சிக்கலை அவிழ்க்கவும், எதிரே வரும் ஓடத்துக்குத் தன் இருப்பை அறிவிக்கவும் அவனுக்கு ஒரு விளக்கு இன்றியமையாதது.

அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும் எரிந்த காலத்தில், திரியைக் கத்தரிப்பதும் மேண்டிலை மாற்றுவதும் மண்ணெண்ணெய் அடைப்பை ஊசியால் நீக்குவதும் குப்பத்துச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்த வித்தைகளாக இருந்தன. இன்று அவ்விடத்தில் நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்கு வந்திருக்கிறது. வெளிச்சத்திலும் சிக்கனத்திலும் பழைய விளக்குகள் அதன் அருகில் நிற்க முடியாது, நீலநிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்து வெண்ணிற வெளிச்சத்துக்கு வழிவகுத்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது முற்றிலும் நியாயமே. ஆயினும் அவ்விளக்கு உப்புக்காற்றில் சில மாதங்களுக்குள் அணைந்துவிட்டால், அதைத் திறந்து பார்க்கும் துணிவு வீட்டில் எவருக்கும் இருப்பதில்லை. குப்பைமேட்டில் எறியப்படும் அத்தகைய விளக்குகளில் எத்தனையோ, உள்ளே ஒரு கம்பியின் முனை விட்டுப்போனதைத் தவிர வேறு குற்றம் ஏதும் இல்லாதவை என்பதே இதில் என்னை மிகவும் வருந்தச் செய்வது.

இதற்குப் பரிகாரமாக நான் சொல்ல வருவது, காயலைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கு ஈயம் வைக்கும் வித்தையை, அதாவது சால்டரிங்கை, முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பதும், அதன் முதற்பாடமாக அவர்கள் மனம் விரும்பும் ஒரு விளையாட்டுப் பொருளையே, ஆங்கிலத் திரைப்படங்களில் அவர்கள் கண்டு மயங்கும் அந்த ஒளிவாளையே, செய்யவிட வேண்டும் என்பதும் ஆகும். இரண்டாவது யோசனையைப் பெரியோர் சிலர் விரும்பமாட்டார்கள். தொழிலுக்கு உதவாத விளையாட்டுக்குக் காசும் பொழுதும் எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் விருப்பமில்லாத பிள்ளையின் கையில் சால்டரிங் இரும்பைக் கொடுத்தால் அவன் விரலைச் சுட்டுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் கற்கமாட்டான் என்பதும், தான் ஆசைப்பட்ட பொருள் ஒளிவிடவேண்டுமே என்ற தவிப்பு உள்ளவன் ஓர் இணைப்பைப் பத்து முறை பிரித்துச் செய்யவும் சலிக்கமாட்டான் என்பதும், பிள்ளைகளோடு பழகியவர் எவரும் அறிந்தவை.

அந்த வாளின் பிறப்பும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் 1977-இல் வெளிவந்தபோது உலகமே வியந்து பார்த்த அக்கற்பனை ஆயுதத்தின் கைப்பிடி, பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய கிராஃப்லெக்ஸ் காமிராவின் ஃபிளாஷ் விளக்குக்கு உரிய பாட்டரிக் குழலே அன்றி வேறன்று; அரங்கப் பொருள்களைத் திரட்டும் பொறுப்பில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன் என்பவர் அதை லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கண்டெடுத்து, சில சில்லறைப் பொருள்களை ஒட்டி வாளாக்கினார். ஆகவே கெட்டுப்போன டார்ச்சு ஒன்றின் உடலைக் கைப்பிடியாகவும், எரியாத எல்.இ.டி. டியூப்லைட்டின் பால்வெண்மையான பிளாஸ்டிக் உறையை வாளின் அலகாகவும் வைத்துக்கொண்டு ஒரு குப்பத்துச் சிறுவன் வேலையைத் தொடங்கினால், அவன் அசலைச் செய்தவர் போன வழியிலேயே போகிறான். பழைய கண்ணாடி டியூப்லைட்டை மாத்திரம் அவன் தொடலாகாது. அது உடைந்தால் கண்ணாடிச் சில்லோடு பாதரசமும் வெளிப்படும்.

இனி வேலையின் நுட்பத்துக்கு வருவோம். எல்.இ.டி. ஒருவழிப் பாதை. அதன் இரண்டு கால்களில் நீளமானது நேர்முனை, குட்டையானது எதிர்முனை, விளிம்பில் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும் பக்கமும் எதிர்முனையையே குறிக்கும். மாற்றி இணைத்தால் எரியாது. சரியாக இணைத்தாலும், தனக்கு எவ்வளவு மின்சாரம் போதும் என்று அளவறிந்து நிறுத்திக்கொள்ளும் குணம் அதற்குக் கிடையாது; கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சூடேறி மாய்ந்துவிடும். அதனால்தான் ரெசிஸ்டர் என்னும் மின்தடையை அதனோடு தொடராக இணைக்கிறோம். மூன்று பென்சில் செல்கள் சேர்ந்து 4.5 வோல்ட்டு தருகின்றன என்றும், சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரிகிறது என்றும், அதற்கு 20 மில்லி ஆம்பியர் போதும் என்றும் கொண்டால், எஞ்சிய 2.5 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுக்க 125 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் அதற்கு அடுத்த பெரிய அளவான 150 ஓம் வாங்கிக்கொள்ளலாம். நீலமும் வெண்மையும் ஏறத்தாழ 3.2 வோல்ட்டு கேட்பவையாதலால், அவற்றுக்கு 68 ஓம் போதும். பள்ளிப் பிள்ளை பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஓம் விதி, இந்த ஒரு வகுத்தல் கணக்கில் அவன் கைக்குள் வந்துவிடுகிறது. வாளில் பல விளக்குகளை வரிசையாகப் பக்கவாட்டில் இணைக்க விரும்புகிறவன், சிக்கனம் கருதி எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டரை வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வைப்பது உத்தமம். ஏனெனில் ஒரே பொட்டலத்து விளக்குகளுக்குள்ளும் சிறிய வேற்றுமை உண்டு, அவற்றில் இளைத்தது அதிக மின்சாரத்தை இழுத்து முதலில் கெடும்.

ஈயம் இந்தக் குப்பங்களுக்குப் புதிய பொருளன்று. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டு ஈயமே. ஆனால் அந்த ஈயத்தை உருக்கி விளக்கில் வைக்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தனி ஈயம் உருக 327 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளீயம் அறுபது பங்கும் ஈயம் நாற்பது பங்குமாகக் கலந்த சால்டரிங் கம்பியோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கி, தாமிரத்தோடு நன்கு ஒன்றிக்கொள்ளும். கம்பியின் நடுவில் பிசின் நிறைந்ததாகவே வாங்க வேண்டும்; தகரவேலைக்காரர் பயன்படுத்தும் அமிலம் கலந்த பேஸ்டு வேலையை அப்போதைக்கு எளிதாக்கினாலும், உள்ளேயே தங்கித் தாமிரத்தை அரித்துவிடும். இருபத்தைந்து வாட் இரும்பு முதற்பழக்கத்துக்குப் போதும். அதன் முனையை ஈரத்துணியில் துடைத்து, மெல்லியதாக ஈயம் பூசிக்கொண்டு, இணைக்க வேண்டிய கம்பியையும் காலையும் முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டிலே ஈயத்தைத் தொட்டு உருகவிட வேண்டும். ஈயத்தை இரும்பின் முனையில் உருக்கி எடுத்துச் சொட்டு வைப்பவனுடைய இணைப்பு, பார்வைக்கு உருண்டையாகவும் மங்கலாகவும் நிற்கும்; அசைத்தால் விட்டுப்போகும். ஒழுங்காகப் பிடித்த ஈயம் கம்பியைத் தழுவிப் பளபளவென்று சரிந்து நிற்கும். இவ்வளவும் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் சுட்டால் எல்.இ.டி. தாங்காது. எழும் புகை பிசின் புகை, நெஞ்சுக்கு ஆகாதது. ஜன்னலருகில் அமர்ந்து செய்க. விரலில் ஒட்டும் ஈயம் வயிற்றுக்குள் போவதே பெரிய அபாயம் என்பதால், வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எந்தப் பிள்ளையும் தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்பதை ஆசிரியர் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். லித்தியம் பாட்டரியின்மீது நேராகச் சால்டரிங் இரும்பை வைப்பதை முற்றிலும் விலக்க வேண்டும். அது வெடித்துத் தீப்பற்றக்கூடியது.

வாளைச் செய்து முடித்த சிறுவனிடம் தந்தையின் விளக்கைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அதனுள் அவன் காண்பது அந்நியமான எந்திரமாக இராது. ஒரு பாட்டரி, ஒரு விசை, ஒரு தடை, ஒரு விளக்கு, இவற்றைச் சேர்க்கும் சில கம்பிகள் என்று தான் செய்த வாளையே அங்கே மீண்டும் காண்பான். கம்பியின் முனையில் பச்சை நிறமாகப் படிந்திருப்பது தாமிரத்தின் களிம்பு என்பதும், காயலின் ஈரமும் உப்பும் கூடி விளைத்தது அது என்பதும் அவனுக்கு விளங்கும். அதைச் சுரண்டி, வெள்ளீயம் பூசிய கம்பியை மாற்றி, பிசின் மிச்சத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இணைப்பின்மேல் சூட்டில் சுருங்கும் உறையை ஏற்றி, கம்பி இழுபடும் இடத்தில் ஒரு முடிச்சிட்டு, மூடியின் விளிம்பைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டால், அவ்விளக்கு கடையில் வாங்கிய நாளில் இருந்ததைவிட அதிக உறுதி பெறும். சிலிக்கோனிலும் ஒரு பேதம் உண்டு: புளிக்காடி மணம் வீசுவது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால் தாமிரத்துக்குச் சத்துரு, மணமற்ற வகையே மின்வேலைக்கு ஏற்றது. உப்புநீரின் நடுவே வாழும் நம்மவருக்கு இத்தகைய சிறு நுட்பங்கள் எவ்வளவு பிரயோஜனமானவையோ அவ்வளவு அரிதாகவே கிடைக்கின்றன. விளக்கை விற்கும் கடைக்காரர் இவற்றைச் சொல்வதில்லை.

உயிர் சம்பந்தமான காரணமும் இதில் உண்டு. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் ஓடங்களுக்குத் தெற்கே, எண்ணூர்த் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் நாடிப் பெருங்கப்பல்கள் வருகின்றன. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகள், துடுப்புப் படகுக்குக்கூட ஒரு கடமையை விதிக்கின்றன: வேறு விளக்கு இல்லையேல், வெண்ணிற வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சோ லாந்தரோ கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதிய அவகாசம் இருக்கும்போதே அதைக் காட்டிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் விசையை அழுத்தியும் எரியாத விளக்கு, படகிலே இல்லாத விளக்குக்குச் சமானம்.

எல்.இ.டி. என்றதும் மீனவர் தலைவர்கள் முகம் சுளிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜெனரேட்டரை வைத்துப் பேரொளி வீசும் விளக்குகளைக் கடலில் எரித்து, ஒளியால் மயங்கிக் கூடும் மீன்கூட்டங்களைக் குஞ்சும் குறுமானுமாக வாரிச் செல்லும் கொடிய முறையை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது; அந்தத் தடை சிறு மீனவர்களின் நீண்ட முறையீட்டுக்குக் கிடைத்த நீதி என்பதே என் அபிப்பிராயம், அது தளராமல் நிறைவேற்றப்பட வேண்டும். பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பழவேற்காட்டாருக்கு, ஒருவனே எல்லாவற்றையும் வாரிக்கொள்வது எத்தகைய அதர்மம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேண்டுவது, வலையைப் பார்க்கவும் வழியைப் பார்க்கவும் போதுமான சிறு விளக்கை.

இவ்வித்தைக்குப் படிப்பு வேண்டுமே என்று தயங்குவோர் ராஜஸ்தானத்துத் திலோனியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 1972-இல் தொடங்கப்பட்ட பேர்ஃபுட் காலேஜ் என்னும் ஸ்தாபனத்தில், எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள், அவர்களில் பாட்டிமார் பலர், ரெசிஸ்டரின் வர்ணக்கோடுகளைக் கண்ணால் அடையாளம் கண்டு, ஆறு மாதப் பயிற்சியில் சூரியஒளி விளக்குகளின் சுற்றுகளை ஈயம் வைத்து அமைக்கக் கற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் இந்திய அரசின் உதவியோடு வந்து கற்றுத் தங்கள் ஊர்களுக்கு ஒளி கொண்டு போயிருக்கிறார்கள். பேசும் மொழி ஒன்றாக இல்லாதவர்களே கைஜாடையாலும் வர்ணத்தாலும் கற்றுத் தேர்ந்த ஒன்றை, காயலின் சேற்றில் கையால் துழாவி இறாலைப் பிடித்துப் பறியில் சேர்க்கும் விரல்நுணுக்கம் படைத்த இருளர் பெண்கள் கற்கமாட்டார்களா? பிள்ளைகளுக்கு என்று தொடங்கும் வகுப்பில் தாய்மாரும் வந்து அமர இடம் வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இதற்கான சாதனங்கள் தொலைவில் இல்லை. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி ஒன்று இருக்கிறது; மீனின் நோயையும் தீனியையும் ஆராயும் அறிஞர்களோடு, மீனவனின் விளக்கையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு பிரிவை அது ஏற்படுத்தலாம். மத்திய அரசின் நீதி ஆயோக் 2016 முதல் பள்ளிகளில் அமைத்துவரும் அடல் டிங்கரிங் கூடங்களில் ஒன்றைக் காயற்கரைப் பள்ளிக்குக் கேட்டுப் பெறுவது, அத்தொகுதியின் பிரதிநிதிகள் செய்யவேண்டிய காரியம். அதுவரை காத்திருக்கவும் அவசியமில்லை. ஐந்தாறு சால்டரிங் இரும்புகள், ஒரு மல்டிமீட்டர், சில சுருள் ஈயக்கம்பி, சென்னை ரிச்சி தெருவில் பொட்டலமாக விற்கும் எல்.இ.டி.களும் ரெசிஸ்டர்களும் ஆகிய யாவும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒரு குப்பத்தின் பஞ்சாயத்தாரே முன்வந்து வாங்கக்கூடிய அளவு அது. கற்பிப்பதற்கு, கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவருக்கு அன்றைய வருமானத்தை ஈடுசெய்து தந்தால் போதும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டு ஏவப்படும் தினங்களிலும், புயல் எச்சரிக்கை விடுக்கப்படும் தினங்களிலும் கடலுக்குப் போகலாகாது என்று மீனவர்கள் தடுக்கப்படுகிறார்கள். கூலியின்றிக் கழியும் அந்நாட்களில், பெரியவர்கள் தங்கள் அணைந்த விளக்குகளை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு வந்து, வாள் செய்யும் பிள்ளைகளோடு அதே மேஜையில் அமர்ந்து திறந்து பார்க்கட்டும். முதல் வகுப்பை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. விளக்குகள் அதிகம் கெடுவது அந்த மழையில்தான்.