மாவட்ட எல்லை பார்த்தா பையன் கெட்டுப் போகிறான்?

செல்போன் பறிப்பு, மோட்டார் சைக்கிள் திருட்டு, கத்தியைக் காட்டி மிரட்டல் என்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் செய்தி வராத வாரம் இல்லை. பிடிபடுகிறவர்களில் மீசை அரும்பாத பையன்களும் இருக்கிறார்கள். பொருளைப் பறிகொடுத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார். பையனைப் பெற்றவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள்.

பிடித்தாகிவிட்டது. அப்புறம்? அவனை எங்கே வைப்பது?

இங்கேதான் சிக்கலே ஆரம்பமாகிறது!

18 வயது நிரம்பாத பையனை லாக்-அப்பில் வைக்கக் கூடாது. ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. இது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கண்டிப்பான உத்தரவு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். சமூக சேவகர்களில் ஒருவர் கட்டாயம் பெண். ஜாமீனில் விட முடியாது என்று குழுமம் கருதினால், விசாரணை முடிகிற வரை பையனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்த இல்லம் எங்கே இருக்கிறது?

38 மாவட்டம், இல்லமோ கொஞ்சம்!

மாவட்டத்துக்கு ஓர் இல்லம், அல்லது சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஓர் இல்லம் என்று சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. 2019-ம் ஆண்டிலும் 2020-ம் ஆண்டிலும் பழைய மாவட்டங்கள் பிரிக்கப்பட்டு, 32 என்ற கணக்கு 38 ஆனது. புது மாவட்டத்துக்குக் கலெக்டர் வந்தார். போலீஸ் சூப்பிரண்டு வந்தார். ஆனால் மாவட்டம் பிரிந்த வேகத்துக்குக் கூர்நோக்கு இல்லங்கள் பெருகவில்லை.

இதனால் கஷ்டப்படுவது யார்?

நாகர்கோவிலில் பிடிபட்ட பையன் திருநெல்வேலி இல்லத்துக்குப் போகிறான். தூரம் சுமார் 80 கிலோமீட்டர். பையனைப் பார்க்கத் தாய் போய் வர வேண்டுமானால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் சார்ஜ் தனி. வாரத்துக்கு ஒரு முறை போக நினைத்தவள் மாதத்துக்கு ஒரு முறை போகிறாள். பிறகு அதுவும் நின்றுபோகிறது. வீட்டு முகம் பார்க்காத பையனுக்கு யார் துணை? பக்கத்துப் படுக்கையில் இருக்கிற 'அண்ணன்'தான்!

அதிகாரிகளுக்கும் இதே பாடுதான். பையனின் குடும்பம் எப்படி, படிப்பு எப்படி, சேர்க்கை எப்படி என்று விசாரித்து நன்னடத்தை அலுவலர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். பையன் ஓர் ஊரிலும் வீடு வேறோர் ஊரிலும் இருந்தால் அவர் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்? விசாரணையை 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா போனால் பையன் இல்லத்திலேயே கிடக்கிறான். அவன் இடம் காலியாகாது. அடுத்து வருகிறவனுக்கு நெருக்கடி.

ஒரே நகரம், மூன்று கமிஷனர்!

வெளியூர்க் கதை இருக்கட்டும். சென்னையின் கதை என்ன?

2022-ம் ஆண்டு முதல் பெருநகரத்துக்குள்ளேயே சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று போலீஸ் கமிஷனர் அலுவலகங்கள். மாநகராட்சியும் அப்படியே மூன்று. கலெக்டர் என்று பார்த்தால் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று நான்கு பேர்.

மின்சார ரெயிலுக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. பல்லாவரத்துப் பையன் ரெயில் ஏறி மாம்பலத்தில் இறங்கிக் கைவரிசை காட்டுகிறான். குற்றம் நடந்தது சென்னைப் போலீஸ் எல்லையில். வீடு தாம்பரம் மாநகராட்சியில். பள்ளிக்கூடம் செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில். "அது நம்ம கேஸ் இல்லே, அந்த எல்லை" என்று ஓர் ஆபீஸ் இன்னோர் ஆபீசைக் காட்டினால், பையனின் பழைய கதை முழுசாக யாருக்கும் தெரியாது. முதல் தப்பு எது, மூன்றாவது தப்பு எது என்றே புரியாமல் போகும்.

நெரிசலில் நடப்பது என்ன?

வயது, குற்றத்தின் தன்மை, உடல்நிலை, மனநிலை பார்த்துப் பையன்களைத் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது சட்டம். இடம் இருந்தால்தானே பிரித்து வைப்பது? பேட்டரி திருடியவனும் கொலை வழக்கில் சிக்கியவனும் ஒரே கூடத்தில் படுத்தால் யார் யாருக்கு வாத்தியார் ஆவார்கள் என்று சொல்லவா வேண்டும்?

செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசி நாளில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. திருட்டு வழக்கில் கொண்டுபோய் விடப்பட்ட 17 வயதுப் பையன் பிணமாகத் திரும்பினான். இல்லத்து ஊழியர்களே கைது செய்யப்பட்டார்கள். பிறகு ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். இந்த இல்லங்களைக் கவனிக்கத் தனித் துறை வேண்டும் என்பது அதில் முக்கியமான யோசனை.

1920-ம் ஆண்டிலேயே சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு இந்தியாவுக்கே வழி காட்டியது சென்னை மாகாணம். அந்தப் பெருமை கட்டிடத்திலும் கவனிப்பிலும் தெரிய வேண்டாமா?

கடைக்காரர் கேட்பது நியாயமே!

"திருடின பையனுக்குப் பரிந்து பேசினால், பறிகொடுத்தவனுக்கு என்ன வழி?" என்று கடைக்காரர் கேட்கலாம். கேட்பது நியாயம். பறிகொடுத்த செல்போன் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பாதியாக இருக்கலாம். கத்திக்குப் பயந்து கடையைச் சீக்கிரம் மூடுகிறவரிடம் போய்ச் சட்டப் பிரிவு பேச முடியாது.

யாரும் பையனைச் சும்மா விடச் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை. குற்றம் உறுதியானால் 3 ஆண்டு வரை சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். கொடிய குற்றம் செய்தவன் 16 வயதைத் தாண்டியவன் என்றால், பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் சில்லறைத் திருட்டுப் பையனைக் கொண்டுபோய் நெரிசலில் திணித்தால் கடைக்காரருக்கு என்ன லாபம்? உள்ளே போகும்போது பிக்பாக்கெட். வெளியே வரும்போது பூட்டு உடைக்கிறவன். மறுபடியும் பாதிக்கப்படுவது அதே கடைதான்!

செய்ய வேண்டியது என்ன?

ஆளுக்கு ஓர் இல்லம் கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருப்பதைச் சேர்ந்து நடத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலாவது, ஓர் இல்லத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் மாவட்டங்களின் கலெக்டர்கள், போலீஸ் அதிகாரிகள், குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகள் மாதம் ஒரு முறை ஒரே மேஜையில் உட்கார வேண்டும். எத்தனை இடம் காலி, எந்தப் பையன் எத்தனை நாளாக இருக்கிறான், எந்த வழக்கு நிற்கிறது என்று அங்கேயே கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஜாமீன். சிறுவனுக்கு ஜாமீன் தருவதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. ஜாமீன் நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாத பையனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையைத் தளர்த்தச் சட்டம் இடம் தருகிறது. ஏழைப் பையன் ஆள் ஜாமீன் கிடைக்காமல் இல்லத்தில் கிடக்கிறானா என்று வாரா வாரம் பார்த்தாலே இடம் காலியாகும்.

மூன்றாவது, பெற்றோருக்குப் பஸ் சார்ஜ். தூரத்து மாவட்டத்தார் மாதம் இரண்டு முறை வந்து பார்க்கிற செலவை அந்தந்த மாவட்டமே ஏற்கட்டும். அரசாங்கத்துக்கு இது பெரிய பணம் இல்லை. பையனுக்கு இது பெரிய மருந்து.

நான்காவது, மாநகராட்சியும் நகராட்சியும் இதில் கை கொடுக்க வேண்டும். படிப்பை விட்ட பையன் எந்தத் தெருவில் சுற்றுகிறான் என்பது கமிஷனருக்குத் தெரியாது. வார்டு கவுன்சிலருக்குத் தெரியும். மாநகராட்சிப் பள்ளியில் மறுபடி ஓர் இடம், சாயங்காலம் விளையாட ஒரு மைதானம், கைத்தொழில் கற்க ஒரு கூடம் ஆகியவை உள்ளாட்சி கொடுக்கக் கூடியவைதான். போலீசார் நடத்தும் சிறுவர் மன்றங்களுக்கும் உள்ளாட்சி இடம் தரலாம்.

ஐந்தாவது, சென்னை, தாம்பரம், ஆவடி மூன்று கமிஷனர்களின் சிறுவர் பிரிவுகளும் தகவலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பையனின் பெயர், படம் வெளியே போகக் கூடாது, அது சட்டம். ஆபீசுக்கு ஆபீஸ் பேசிக்கொள்ள அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

விசாரணை முடிந்தபின் வேறு ஊர்ப் பையனை அவன் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாம். அதற்கு முன் அந்த மாவட்டத்தைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடைசியில் செய்யும் அந்தக் கலந்து பேசுதலை, பையன் பிடிபட்ட முதல் நாளே செய்தால் என்ன குறைந்துவிடும்?

16 வயதுப் பையன் இன்னும் இரண்டு வருஷத்தில் ஓட்டுப் போடுவான். இல்லத்திலிருந்து திருந்தி வந்தாலும், கெட்டு வந்தாலும், அவன் வரப் போவது அதே தெருவுக்குத்தான். எப்படி வர வேண்டும் என்பதைக் கலெக்டர்களும் கமிஷனர்களும் மேயர்களும் சேர்ந்து இப்போதே முடிவு செய்யட்டும்!