பத்து நிமிடம் போதாது

என் அக்காள் மகன் அனுப்பிய எக்செல் தாளைத் திறந்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க எரிச்சல்தான். சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையில் ஒருநாள் சைக்கிள் பயணம், அதற்கான திட்டமாம். மணி, இடம், கிலோமீட்டர், செலவு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் வேறு பூசியிருக்கிறான். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘புக்கிட் தீமா ரயில் நிலையம், 10 நிமிடம், படம்.’ அதற்கு அடுத்த வரி: ‘காப்பி, 45 நிமிடம்.’

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு இதற்குமேல் நான் எங்கே போவேன் என்று தெரியும். ‘மறுபடியும் ரயில் டோக்கனா?’ என்று கடிதம் போடும் ஈசூன் அன்பர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, முதலில் பயணத்தைப் பேசிவிடுகிறேன்.

வடக்கே உட்லண்ட்ஸ் முதல் தெற்கே தஞ்சோங் பகார் வரை மொத்தம் 24 கிலோமீட்டர். ரயில் ஓடிய நிலம் என்பதால் பெரிய மேடு கிடையாது. இருந்தாலும் தார்ச் சாலை என்று நினைத்துக் கிளம்பக்கூடாது. பல இடங்களில் பொடிக்கல்லும் புல்லும்தான். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மெல்லிய டயர்க்காரர்கள் பாடு திண்டாட்டம். பெரும்பகுதியில் விளக்கு இல்லை, அதனால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். மடக்கு சைக்கிள் என்றால் எம்ஆர்டி ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம், மடித்த அளவு 120 செ.மீ., 70 செ.மீ., 40 செ.மீ.க்குள் இருந்தால் சரி. வடக்குப் பகுதியில் கட்டுமான வேலைகளால் வழி மாறியிருக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஹில்வியூ பக்கம் குரங்குகள் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் அது அவற்றுக்குத்தான். அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஒன்று, புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஒன்று என இரண்டு இரும்புப் பாலங்கள் வரும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். படம் எடுக்க நிற்பவர்கள் மீது மோதுவதற்கா வந்தோம்?

பயணம் அவ்வளவுதான். இனி அந்த நிலையம்.

ரயில் பாதை மேற்குப் பக்கமாக மாற்றிப் போடப்பட்ட 1932இல் வந்தது புக்கிட் தீமா நிலையம். செங்கல் கட்டடம், ஓட்டுக் கூரை, உயரம் குறைந்த நடைமேடை. ஏறி இறங்கும் கூட்டத்துக்காக மட்டும் அது இருந்ததில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் ஒன்றை ஒதுக்கி நிறுத்தி மற்றதை விடுவதுதான் அதன் முக்கிய வேலை. அந்த வேலையின் உயிர்நாடி டோக்கன்.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் தலா ஒரு கருவி இருக்கும். இரண்டையும் மின்கம்பி இணைக்கும். இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் தானாக டோக்கனை உருவிவிட முடியாது. அந்தப் பக்கத்து மாஸ்டரும் ஒத்துக்கொண்டு தன் கருவியை இயக்கினால்தான் அது வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பும்வரை இன்னொன்று வராது. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் துண்டுப் பாதையில் வண்டியை விடக்கூடாது. மோதலைத் தடுக்க இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் காலத்தில் இதே வேலையை ஓர் இரும்பு உருண்டை செய்தது. புக்கிட் தீமாவில் அது சாவி வடிவம்.

நிற்காத ரயிலுக்கு டோக்கன் கொடுப்பதுதான் வித்தை. சாவியைப் பையில் போட்டு, பையை ஒரு பெரிய வளையத்தில் கட்டி, நடைமேடை ஓரத்தில் ஒருவர் கையை நீட்டி நிற்பார். வண்டி வேகத்தைக் குறைத்து வரும். எஞ்சினில் இருப்பவர் உடம்பை வெளியே சாய்த்து, வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். கடந்துவந்த பாதையின் டோக்கனும் அதே நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். கை கொஞ்சம் தாழ்ந்தால் பிடி தவறும். ஒரு சாண் முன்னே போனால் தோள்பட்டை பேசும். பகலிலும் இரவிலும் மழையிலும் நடந்த இந்தக் கைமாற்று, 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போகும்வரை அங்கே இருந்தது. அந்த ரயிலை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். செய்தித்தாள்கள் சுல்தானைப் படம் பிடித்தன, நியாயம்தான். எனக்கு மட்டும் வளையம் நீட்டியவரின் முகம் வேண்டும்.

ஏனென்றால் அந்த ரயில்வேயில் நம் ஆட்கள் நிறைய. மலாயா ரயில்வேயின் எழுத்தர் மேசைகளிலும் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிகளிலும் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தார்கள். வெயிலில் சல்லி கொட்டித் தண்டவாளம் பராமரித்தவர்களில் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்கள் பலர். ஒரே சம்பளப் பட்டியல், இரண்டு வேறு வாழ்க்கை. குவீன்ஸ்வே பக்கத்து ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்கள் 1932இல் தொடங்கிய சிறு கோயில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிதாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். பாதையை விட்டுச் சற்றே விலகினால் போய்விடலாம். என் அக்காள் மகனின் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நிலையம் செப்பனிடப்பட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளங்களைப் பெயர்த்து மலேசியாவுக்கு அனுப்பிவிட்டாலும், அங்கே ஒரு துண்டை விட்டுவைத்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி. ஆனால் கட்டடம் பேசாது. சுல்தான், கட்டடக் கலை, பசுமை எல்லாம் பதிவாகிவிட்டன. டோக்கன் கொடுத்தவர்களின் பேச்சு போதுமான அளவு பதிவாகவில்லை என்பது என் தீராத குறை.

உங்கள் வீட்டில் யாராவது, அப்பாவோ தாத்தாவோ சித்தப்பாவோ, புக்கிட் தீமாவிலோ அந்தப் பாதையின் வேறு நிலையத்திலோ வேலை பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். இரவில் விளக்கை எந்தக் கையில் பிடித்தார்கள், டிரைவர் வளையத்தைத் தவறவிட்டால் என்ன செய்தார்கள், கைக்கு அடிபட்டதுண்டா என்று கேட்டு, அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.