வரும் நீர், போகும் நீர்

ஈரானின் காஷான், யஸ்த் நகரங்களில் பழைய வீடுகளின் முற்றத்தில் இருக்கும் ‘ஹவ்ஸ்’ என்ற நீர்த்தொட்டியை, மின்சாரம் வேண்டாத குளிர்சாதனம் என்று எழுதுவது நம் கட்டடக்கலைத் துறையில் வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் வானம் பார்த்த முற்றத்தில் அந்தக் குளிர்ச்சியின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். குளிர்ச்சியே குறி என்றால் பாரசீகக் கொத்தனார்கள் தொட்டியைக் கூரைக்குக் கீழே அமைத்தார்கள். யஸ்தின் தௌலதாபாத் தோட்ட மாளிகையில், 33 மீட்டருக்கு மேல் உயர்ந்த காற்றுக்கோபுரம் இறக்கும் காற்று உள்ளே ஒரு சிறு தொட்டியின் மேல் படிந்த பிறகே கூடங்களுக்குப் போகிறது.

முற்றத்துத் தொட்டியின் முதல் வேலை வேறு; அது வீட்டின் நீர்க்கணக்கு. மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவை மட்டுமே நம்பி ஊருக்குக் கொண்டுவந்தது கனாத் என்ற சுரங்க வாய்க்கால். அந்த நீர் முறை வைத்துப் பங்கிடப்பட்டது. தன் முறையில் வந்ததை வாங்கி, அடுத்த முறை வரை வைத்திருக்க வீட்டுக்கு ஒரு கலம் தேவைப்பட்டது. கனாத் ஆழத்தில் ஓடிய இடங்களில் முற்றத்தையே பள்ளமாக இறக்கிக் கட்டினார்கள் என்பதே இதற்குப் பெரிய சான்று. அலங்காரத்துக்காக யாரும் அவ்வளவு மண்ணைத் தோண்டமாட்டார்கள். தொட்டியின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். சுற்றிலும் ‘பாஷூயே’ என்ற ஆழமில்லாத கால்வாய் ஓடும். நிரம்பி வழிவதையும் கைகால் கழுவிய நீரையும் அது ஏந்திக்கொள்ளும். அழுக்கு தொட்டிக்குத் திரும்பாது. தொட்டியில் நின்ற நீரோ மாதுளைப் பாத்திக்குப் பாய்ந்தது. சுண்ணாம்பு, களிமண், சாம்பலோடு ஆட்டுமயிர் போன்ற நார் சேர்த்துக் குழைத்த ‘சாரூஜ்’ சாந்து கசிவைத் தடுத்தது.

வறண்ட நாட்டில் நீரைத் திறந்து வைப்பது விரயமல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயர்ந்த சுவர்களின் நிழல் ஆவியாதலைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை. ஆனால் இருக்கும் நீர் கழுவவும் பாய்ச்சவும் செலவாகிக்கொண்டே இருந்ததால், வீணானது சிறு பங்குதான். தேங்கினால் நோய் வரும் என்பதையும் மறுக்க முடியாது. குழாய் நீர் வருமுன் தெருவாய்க்காலிலிருந்து நிரப்பிய தெஹ்ரான் தொட்டிகள் நோய் பரப்பின. இஸ்பஹானின் செஹல் சொதூன் மாளிகை முன் உள்ள பெருங்குளம் 20 தூண்களையும் பிரதிபலிப்பதற்குத்தானே என்றால், ஆம், அது அரசனின் குளம். குடிகளின் வீட்டுக்கு அதை அளவுகோலாக்கக் கூடாது.

இன்று நம் வரைபடங்களில் இத்தொட்டி, மோட்டார் சுழற்றும் அதே நீரோடு, வெயிலில் கிடக்கிறது. முற்றத்துக் குளம் வரையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீர் எங்கிருந்து வருகிறது, வழிவது எந்த மரத்துக்குப் போகிறது என்பதையும் அதே தாளில் வரையுங்கள்.