ரெண்டு சாக்கு புல்லட்

பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் இரண்டு ரகம். வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். வண்டியைச் சாக்கில் வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது கோஷ்டிதான் மெஜாரிட்டி.

சாக்கு என்றால் நிஜச் சாக்கு ஸார். உரம் வந்த வெள்ளைச் சாக்கு. ஒன்றில் இன்ஜின், இன்னொன்றில் மிச்சம் மீதி. வீட்டுக்குப் போனால் காபி கொடுத்து, மாடிப்படிக்கு அடியில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். "ஃபிஃப்டீஸ் மாடல்! கம்ப்ளீட்டா இருக்கு. கோத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி." இதையேதான் அவருடைய பெண் எல்.கே.ஜி. படிக்கும்போதும் சொன்னார். பெண் இப்போது பத்தாவது.

இந்தச் சாக்கு வியாதிக்குக் காரணம் துருவும் இல்லை, காசும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்கிற வரிசைதான் கோளாறு. வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே டேங்க்கைக் கழற்றி பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பெண் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி!

வரிசை தெரிந்த ஒரு தம்பி அரிமளத்தில் இருக்கிறான். புதுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். தினம் பஸ்ஸில் போய் வருகிற ஆள். போனஸ் வந்த வேளையில், ஊரில் ஒரு செட்டியார் வீட்டு மூன்றாம் கட்டில் சாத்தி வைத்திருந்த பழைய புல்லட் அவன் கண்ணில் பட்டுவிட்டது. பர்மா தேக்குத் தூண், பக்கத்தில் அடிப்பாகம் போன பித்தளைத் தவலை, அதையொட்டி ஒரு கோணி, கோணிக்குள் வண்டி.

அந்த வீட்டு ஆச்சி விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கண்டிஷன் போட்டார்கள்.

"எங்க செட்டியார் ஓட்டுன வண்டி தம்பி. காரைக்குடியிலேர்ந்து கடைக்காரவுக மூணு தடவை வந்து கேட்டாக. பிரிச்சு வித்துப்புடுவாகன்னு குடுக்கலை. நீ ஓட்டுறதா இருந்தா சொல்லு."

ஆச்சி பயந்ததில் நியாயம் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கதவு தனி, நிலை தனி, தூண் தனி, எனாமல் சட்டி தனி என்று செட்டிநாடே அங்கே பாகம் பாகமாக விலைக்குக் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் மட்டும் முழுசாகவா நிற்கும்?

"கட்டாயம் ஓட்டுவேன் ஆச்சி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா ஒரே வரிதான் சொன்னார்: "இந்தக் காசுக்குப் பசு மாடு வாங்கியிருந்தா இந்நேரம் கன்னு போட்டிருக்கும்டா."

கணக்குப்படி பார்த்தால் அப்பா கட்சிதான் ஜெயிக்கும். வருமான வரிக் கணக்கில் சாதாரண வாகனத்துக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். ஒரு லட்ச ரூபாய் வண்டியை 60 வருஷம் இப்படித் தேய்த்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது 5 ரூபாய் 82 காசு. ஆனால் இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. எத்தனை வருஷம் தேய்த்தாலும் பூஜ்யம் மட்டும் ஆகவே ஆகாது! அந்த ஐந்தே முக்கால் சொச்சத்தைத்தான் தம்பி போனஸ் கொடுத்து வாங்கியிருக்கிறான்.

அது என்ன அவ்வளவு அபூர்வம், தெருவுக்குத் தெரு புல்லட் நிற்கிறதே என்பீர்கள். தெருவில் நிற்பது வேறு, இது வேறு. 1954-ல் இந்திய ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்காக 350 சி.சி. புல்லட் 800 வண்டி வேண்டியிருந்தது. அந்த ஆர்டரைப் பிடித்துக்கொண்டு 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஃபாக்டரி. ஆரம்பத்தில் பாகங்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே செய்யப் பழகி, 1962 வாக்கில் முழு வண்டியும் நம்மூர்ச் சரக்கு. 1967-ல் ரெட்டிச் ஃபாக்டரியையே மூடிவிட்டார்கள். தாய் வீடு பூட்டு; மகள் குடித்தனம் ஜாம்ஜாம்! 1977-லிருந்து திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது தனிக் கதை.

ஆக, அந்த முதல் சில வருஷத்து வண்டி என்றால் பாதி ரெட்டிச், பாதி திருவொற்றியூர். இதில்தான் சிக்கல். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளுக்கு மில்லிமீட்டர் தெரியாது. விட்வொர்த் என்ற எஞ்சினீயர் 1841-ல் வகுத்த அங்குலக் கணக்கையும் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் வைத்து மரை வெட்டியிருப்பார்கள். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. மில்லிமீட்டர் மரைக்கு 60. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும். மூன்றாவது சுற்றில் 'கரக்'! அவ்வளவுதான், போல்ட்டும் போச்சு, போல்ட் மாட்டிய இடமும் போச்சு. நம்முடைய பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி கோலிக்குண்டு ஆகிவிடும். அப்புறம் உளிதான். உளி எடுத்த வீட்டுக்குச் சீக்கிரமே சாக்கு வந்து சேரும்.

தம்பி செய்த புத்திசாலித்தனம், ஸ்பானரைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடியது. திருமயம் பக்கம் ஒரு பெரியவர். எழுபது தாண்டிவிட்டது. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருக்கிறார். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேலும் பிடியைக் காதிலும் வைத்து டாக்டர் மாதிரி கேட்பார். எந்த வால்வு, எந்தப் பேரிங் என்று சொல்லிவிடுவார். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. முதல் கேள்வி: "ஆர்.சி. புக் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. ஆனா செட்டியார் பேர்ல இருக்கு. அவர் இப்ப இல்லை."

"அப்ப ஸ்பானரைத் தொடாத. காயிதம் முடிச்சிட்டு வா."

ஸார், இந்த ஒரு வாக்கியத்துக்கு ஃபிரேம் போட்டு மாட்டலாம். பேரில் இருப்பவர் காலமாகிவிட்டால் ஃபாரம் 31 எழுதி முதலில் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்பனைக்கான 29, 30. ஆச்சிக்கு இரண்டு பிள்ளைகள்; ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் சிங்கப்பூர். ஆட்சேபணை இல்லை என்று இரண்டு கையெழுத்தும் வந்து சேர நாலு மாசம். அந்த நாலு மாசமும் வண்டி பிரிக்கப்படாமல் திண்ணையில் நின்றது. தம்பி செய்ததெல்லாம், பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றியது. துருப் பிடித்து இறுகிய பிஸ்டனை உதைத்துக் கிளப்பக் கூடாது. ஊற வேண்டும், பழைய சோறு மாதிரி.

காகிதம் இல்லாத வண்டி என்ன ஆகும்? அதற்கும் வழி வைத்திருக்கிறது சர்க்கார். 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென்றே விதி கொண்டு வந்தார்கள். 50 வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து கிடைக்கும். ஏற்கெனவே பதிவானதென்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க ராஜ மரியாதையாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். இப்படிப் பதிவானால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. இன்னொன்று, பெரிய அளவில் மாற்றிக் கட்டாமல் அசல் ரூபத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. பெயிண்ட், குரோமியம் என்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்தவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

தம்பிக்கு ஆபீஸ் போக வேண்டும். அதனால் பழைய ஆர்.சி.யையே சாதாரண வண்டி மாதிரி புதுப்பிக்கிற வழியைப் பிடித்தான். வண்டி நல்ல நிலையில் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். கோழியா முட்டையா? லோடு ஆட்டோ என்பது பதில்.

அதற்கு முன்னால் இன்ஜின் வேலை. பெரியவர் கட்டிலில், மகன் தரையில், தம்பி கையில் செல்போன். ஒவ்வொரு நட்டும் கழலுவதற்கு முன் ஒரு படம். கழன்ற நட்டு போல்ட் எல்லாம் தனித்தனி பிஸ்கட் டப்பாவில், டப்பா மேல் பேர் எழுதி. சாக்கு நஹி! ஒரு பகுதியைக் கழற்றினால் அதைச் செய்து மாட்டிய பிறகுதான் அடுத்த பகுதி. சிலிண்டர் புதுக்கோட்டை லேத் பட்டறைக்குப் போய் போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனோடு வந்தது. இந்த இன்ஜினின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், ஆனால் ஏறி இறங்குவது 90 மில்லிமீட்டர். ஒல்லியான நெட்டை ஆசாமி. அதனால்தான் அவசரமே இல்லாத அந்த 'டுப்... டுப்...'

பழைய பாகம் எதையும் தூக்கிப் போடவிடவில்லை பெரியவர். "புதுசா வாங்குனது சரியில்லைன்னா அளவு பாக்க எதை வச்சுப் பாப்ப?" டேங்க்குக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று தம்பி மெதுவாக இழுத்தபோது டேங்க்கின் தங்கக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். மெஷின் போட்ட கோடு இல்லை, திருவொற்றியூரில் ஒரு மனிதர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. ஒரு இடத்தில் மயிரிழை தடித்திருக்கிறது. அதை அழித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை என்ன செய்யலாம் என்று எனக்கும் சில யோசனைகள் உண்டு. பத்திரிகையில் எழுத முடியாது. டேங்க் அப்படியே இருக்கிறது. மட்கார்டுக்கு மட்டும் உள்பக்கம் துரு தட்டி பெயிண்ட்.

வண்டி கிளம்பிய சாயங்காலம், ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தார்களாம். தைலமரக் காட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்ததும் எழுந்து தெருவுக்கே வந்துவிட்டார்கள். "செட்டியார் இன்னும் கொஞ்சம் மெதுவா வருவாக" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

இப்போது தம்பி வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு அதில்தான் போகிறான். மற்ற நாள் பஸ். அப்பா பசு மாட்டுப் பேச்சை விட்டுவிட்டார். மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் பின்னால் ஏறிக்கொள்கிறார்.

பூட்டு வாங்கவில்லையா என்று கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றான். நியாயம்தான். இந்த வண்டியைக் கிளப்ப ஒரு சாஸ்திரம் இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கிற இடத்தில் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் துளி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. தெரியாமல் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும். கணுக்காலுக்கு உத்தரவாதம் கிடையாது. அதையும் தாண்டிக் கிளப்பிவிட்டாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே.

ஊருக்கு வந்த மச்சினன் ஒருத்தன் இதையெல்லாம் கேட்காமல் ஒரு ரவுண்டு எடுத்திருக்கிறான். கம்மாய்க்கரைத் திருப்பத்தில் பழக்க தோஷத்தில் வலது காலை அழுத்தினான். பிரேக் விழவில்லை, கியர்தான் விழுந்தது. நல்லவேளை, கம்மாயில் தண்ணீர் இல்லை.