வெள்ளை பெயின்ட்டுக்குத் தப்பிய வீடு

விற்பனைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ‘இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும்’, ‘இந்தத் தூண் எதுக்கு?’ என்று வீட்டுக்காரர் காதுபடவே பேசுவார்கள். அப்படி ஒரு பேச்சுதான் அமெரிக்காவில் ஒரு வீட்டையே காப்பாற்றியது.

கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் இருக்கிறது கேம்பிள் ஹவுஸ். டைடு, ஏரியல் சோப்புத் தூள்களைத் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் கேம்பிள் குடும்பம்தான். ஒஹையோ குளிருக்குத் தப்பி வந்து தங்குவதற்காக டேவிட் கேம்பிளும் மனைவி மேரியும் கட்டிய வீடு இது. 1908-ல் தொடங்கிய வேலை அடுத்த ஆண்டே முடிந்தது.

வீட்டை வடிவமைத்தவர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் சகோதரர்கள். பள்ளி நாளிலேயே தச்சுவேலை கற்றவர்கள். கட்டியவர்களும் சகோதரர்களே: ஸ்வீடனில் பிறந்த பீட்டர் ஹால், ஜான் ஹால்.

உள்ளே எங்கு பார்த்தாலும் மரம். தேக்கு, மஹோகனி, ஓக், மேப்பிள், சிடார். நடுக்கூடத்தில் இழைத்திருப்பது, நம் செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த அதே பர்மா தேக்கு. மரமும் மரமும் சேரும் மூட்டுகளை மறைக்காமல், அவற்றையே அலங்காரமாக்கியிருக்கிறார்கள். கை படும் விளிம்புகள் எல்லாம் வழவழவென்று உருட்டப்பட்டிருக்கும். வாசல் கதவின் வண்ணக் கண்ணாடியில் ஓர் ஓக் மரம் கிளை விரிக்கிறது. வெயிலைத் தடுக்க அகலமான இறவாணம். மாடிப் படுக்கையறைகளை ஒட்டி, காற்றாடத் தூங்குவதற்கென்றே திறந்த தாழ்வாரங்கள். மேஜை, நாற்காலி, விளக்குகளையும் இந்த வீட்டுக்கென்றே கிரீன் சகோதரர்கள் வடிவமைத்தார்கள்.

டேவிட் 1923-லும் மேரி 1929-லும் காலமானார்கள். மேரியின் தங்கை ஜூலியா 1943-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1946-ல் மகன் செசிலும் மருமகள் லூயிஸும் குடிவந்தார்கள்.

ஒரு கட்டத்தில், விற்றுவிடலாமா என்று அவர்களும் யோசித்தார்கள். பார்க்க வந்தவர்கள், ‘உள்ளே மரத்துக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்துவிடலாம்’ என்று பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். விற்கும் யோசனை அன்றோடு போயிற்று என்பார்கள். இழைத்த தேக்கின் ரேகைக்குள் பெயின்ட் இறங்கிவிட்டால், சுரண்டி எடுத்தாலும் பழைய மரம் திரும்பாது.

1966-ல் குடும்பம் வீட்டைப் பாசடீனா நகரத்துக்கே கொடுத்துவிட்டது. பராமரிப்பில் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்ந்துகொண்டது. கட்டடக்கலை மாணவர்கள் ஆண்டுக்கு இருவராக அங்கேயே தங்கிப் படித்தார்கள். 1977-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1985-ல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் விஞ்ஞானி டாக் பிரவுன் குடியிருக்கும் வீட்டின் வெளித்தோற்றமும் இதுதான்.

விற்றிருந்தால் ஒருமுறை பணம் வந்திருக்கும். கொடுத்ததால், அங்கே இழைத்த தேக்கை இன்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். வீட்டை விற்க நினைக்கிறவர்கள் விலையை மட்டும் கேட்டால் போதாது. வாங்க வந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் காது கொடுத்துக் கேட்பது நல்லது.